பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அக்கா

நகைக்கடையில் கழுத்தில் தொங்குகிற எதையும் டாலர் என்பார்கள். என்னுடையது டாலர் இல்லை, லாக்கெட். திறந்து மூடலாம். பிரெஞ்சுக்காரர்கள் சின்னத் தாழ்ப்பாளுக்கு வைத்திருந்த பேர்தான் இங்கிலீஷுக்குப் போய் லாக்கெட் ஆனது. இங்கிலீஷ் டீச்சர் என்பதால் இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அந்தத் தாழ்ப்பாளுக்குள் என் அக்காவின் முகம் இருந்தது. பதினேழு வயதில் காய்ச்சலில் போனவள். வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே படம் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டவளும் நான்தான்.

என் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், எல்லா வீட்டிலும் செய்வதுபோல நகைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். லாக்கெட்டையும் சேர்த்துத்தான். தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறதே, தண்ணீர் எங்கே போகப் போகிறது என்று நினைத்தேன். என்ன புத்தியோ! துடைத்த பிறகும் ஓரத்தில் தண்ணீர் கசிய, காரைக்குடிக்கு ஓடினேன். அங்கே ஆசாரி ஊசியால் நெம்பித் திறந்தபோது உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் கூழ் இருந்தது.

“அப்படியே தண்ணியில போட்டுட்டீகளே டீச்சர். வேற படம் இருந்தாக் கொண்டாங்க, வச்சுத் தாரேன்” என்றார்.

கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார், “போனது போகட்டும் விடுங்க மதினி. செத்தவுக படத்தக் கழுத்துல போட்டுக்கிட்டு மணவறையில நிக்கிறது நல்லாவா இருக்கு?” என்றாள். எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்க, மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். அக்காவோடு படித்தவர் ஒருவர் சிங்கம்புணரியில் இருக்கிறார்.

“அந்தப் போட்டோவா? இங்குட்டு வா” என்று அவர் பீரோவைத் திறந்தார்.

முன்வரிசையில், முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. இத்தனை வருஷம் முகத்தை மட்டுமே பார்த்தவளுக்கு அன்றுதான் கையும் தெரிந்தது. கையில் என் முத்துவளையல். காணோம் என்று நான் வீட்டையே புரட்டிப் போட்டபோது அவளும் கூடச் சேர்ந்து தேடினாள், கள்ளி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இந்த முறை நான் எதையும் வெட்டவில்லை. போனில் படம் பிடித்துவந்து, ஸ்டுடியோவில் முழுப் படத்தைப் பெரிதாகவும் முகத்தை மட்டும் சின்னதாகவும் போட்டு வாங்கினேன். ஆசாரி தாழ்ப்பாளையும் சரிசெய்து கொடுத்தார்.

முகூர்த்தத்தன்று நாத்தனாரின் கண் என் கழுத்துக்குப் போனது. நான் தலைப்பை இழுத்து மூடவில்லை.

“பொண்ணுக்குப் பெரியம்மா வராமக் கல்யாணமா?” என்றேன்.