பெட்டிக்குள் விட்டுப்போன பெயர்

அசாபா நகரத்தில் உஸோமாவை உஸோமா என்று கூப்பிட ஆள் இல்லை. அக்காரா வடை சுடுகிறவள் முதல் ஆட்டோ ஓட்டுகிறவன் வரை எல்லோருக்கும் அவள் அகுன்னாதான்.

அகுன்னா என்பது சின்ன வயதில் அவள் நடித்த படத்தில் வந்த பெயர். ஒரே கதை, நான்கு பாகம். எட்டு வயதில் முதல் பாகத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, அத்தை வீட்டில் அடியும் உதையும் வாங்கி, பதினோராவது வயதில் நான்காம் பாகத்தின் முடிவில் செத்துப்போகிற குழந்தை. அந்தக் குறுந்தகடுகள் ஓடாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. சந்தையில் அவளைக் கண்ட பெண்கள் மடியிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தையாக நடித்தவளுக்கு மட்டும் ஒருமுறை தக்காளி வியாபாரிகளிடம் அடி விழுந்தது.

இப்போது உஸோமாவுக்கு முப்பத்திரண்டு வயது. படப்பிடிப்புகளில் சாவுக் காட்சி வந்தால் ஒப்பாரிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவது அவள் தொழில்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அது என்ன என்று சொல்லவேண்டுமானால், அந்தக் காலத்துப் படக்காரர்களிடம் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பிணமாக நடிக்கிறவர் சவப்பெட்டியிலிருந்து தானாக எழுந்துவிடக் கூடாது. காட்சி முடிந்ததும், அவருக்காக அழுதவர் குனிந்து அவருடைய சொந்தப் பெயரை மூன்று முறை சொல்லிக் கூப்பிடவேண்டும். மூன்றாவது முறைக்கு ‘வந்துட்டேன்’ என்று சொல்லி எழவேண்டும். கதைப் பெயரோடு எழுந்தால் கதையில் நேர்ந்தது வீடுவரை பின்னால் வரும் என்பார்கள். இதையெல்லாம் நம்பவில்லை என்று சொன்னவர்களும் கூப்பிடாமல் விட்டதில்லை.

நான்காம் பாகத்தின் கடைசி நாளன்று உஸோமா சின்னப் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள். தாயாக நடித்த எபெலே, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ‘போதும்’ என்றார் இயக்குநர். எபெலேயின் மூச்சு முகத்தில் பட்டதை உஸோமா உணர்ந்தாள். இதோ கூப்பிடப்போகிறாள் என்று காத்திருந்தாள். மூச்சு விலகியது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் அவளுடைய சித்தப்பா டேமியன்தான் வந்து, “எழுந்திரிடி, மழை வருது” என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே விட்டார்.

அதற்குப் பிறகு எதுவும் அவளிடம் தங்கவில்லை. பதின்மூன்று வயதில் மார்பு வந்ததும் படங்கள் நின்றன. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது தன்னைவிட மூன்று வயது சின்னவர்களோடு உட்காரவேண்டியிருந்தது; அவள் எழுந்து நின்றாலே பையன்கள் மூக்கை உறிஞ்சி அழுவதுபோல் நடித்தார்கள். சம்பாதித்ததெல்லாம் சித்தப்பாவின் பேருந்தாக மாறி, அந்தப் பேருந்தும் ஒருநாள் ஆற்றில் விழுந்தது. பத்தொன்பது வயதில் ஒருவன் கட்டிக்கொண்டான். நண்பர்கள் வந்தால், “அகுன்னா, கொஞ்சம் அழுது காட்டு” என்பான். வயிற்றில் வந்த ஒரு குழந்தையும் ஐந்தாம் மாதத்தில் போயிற்று. “சவப்பெட்டியில படுத்த வயிறு” என்றாள் மாமியார். அன்றே உஸோமா துணிப்பையோடு கிளம்பிவிட்டாள்.

இவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியாத துன்பத்தைச் சுமப்பதைவிட, தவறான காரணமாக இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுமப்பது மனிதர்களுக்கு எளிதாக இருக்கிறது. எபெலே ஒருமுறை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று அவள் இருபத்தோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். எபெலே எப்போதோ நடிப்பை விட்டு அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தயாரிப்பு நிர்வாகி ஒக்வுடிலி போனில் கூப்பிட்டான்.

“அகுன்னா அக்கா, வியாழக்கிழமை பன்னெண்டு பேர் வேணும். நல்லா அழறவங்களா கூட்டிட்டு வாங்க. போன தடவ ஒருத்தி மாரடிச்சுக்கிட்டே போன்ல மீன் விலை பேசிட்டிருந்தா.”

“அவ புருஷன் நிஜமாவே செத்தப்பவும் அப்படித்தான்டா பேசினா. யாரு சாவு?”

“ராணித்தாய் சாவு. நடிக்கிறது எபெலே மேடம். ஒரே ஒரு படம்னு வந்திருக்காங்க.”

உஸோமா பன்னிரண்டு பேரை அழைத்துப்போனாள். பதின்மூன்றாவதாகத் தானும் கறுப்புத்துணி கட்டிக்கொண்டாள்.

வாடகைக்கு எடுத்த பெரிய வீட்டின் முற்றத்தில் பெட்டி இருந்தது. அதற்குள் எபெலே. உடம்பு வற்றிச் சின்னதாகியிருந்தாள். மகளாக நடித்த இளம்பெண் ஒட்டுஇமைகள் நனையாமல் அழுதாள். ‘போதும்’ என்று குரல் வந்ததும் பெட்டியோடு சேர்த்துத் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டு, நிழலைத் தேடிப் போய்விட்டாள். விளக்குக்காரர்கள் கம்பிகளைச் சுருட்டினார்கள். ஒப்பாரிப் பெண்கள் சாப்பாட்டு வரிசைக்கு ஓடினார்கள்.

எபெலே எழவில்லை. கண்ணை மூடியபடி கிடந்தாள்.

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்த முற்றத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். உஸோமா பெட்டியருகே மண்டியிட்டாள். தாய் வயதுக்காரியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது.

“எபெலே.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எபெலே. எபெலே.”

“வந்துட்டேன்” என்று கிழவி கண்ணைத் திறந்தாள். கைகொடுத்து உட்கார வைத்ததும் உஸோமாவை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு கூப்பிடுவான்னு பார்த்தேன். நீ யாரு தாயி? இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா?”

“நீங்கதான். நான் அகுன்னா.”

எபெலேயின் கை நழுவியது.

“அன்னைக்கு என்னை ஏம்மா கூப்பிடாமப் போனீங்க?” என்றாள் உஸோமா. இத்தனை வருடம் மனதில் ஒத்திகை பார்த்த கேள்வி, அழுகை எதுவும் இல்லாமல் சாதாரணமாக வந்தது.

“கூப்பிடத்தான் குனிஞ்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, உன் பேரு எனக்குத் தெரியலன்னு.” எபெலே தலையைக் குனிந்துகொண்டாள். “மூணு வருஷம் என் மடியிலயே வளர்ந்த. உனக்குத் தலை பின்னிவிட்டேன், சோறு ஊட்டினேன். அகுன்னா, அகுன்னான்னே கூப்பிட்டுட்டேன். சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. தாய்னு சொல்லிக்கிட்டவ, பிள்ளையோட பேரு என்னன்னு எப்படிக் கேக்கறது? வெக்கமாப் போச்சு. ஓடிட்டேன்.”

உஸோமா மனதில் எத்தனையோ பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சாபம், பொறாமை, சித்தப்பாவோடு ஏதோ சண்டை. இவ்வளவு சின்ன பதிலை நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபப்படக்கூட அதில் பிடிமானம் இருக்கவில்லை.

“உஸோமா” என்றாள்.

“என்ன?”

“என் பேரு.”

எபெலே அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் சவப்பெட்டிக் கடைக்காரனின் ஆட்கள் வண்டியோடு வந்துவிட்டார்கள். “இறங்குங்க மம்மி. நாளைக்கு நிஜப் பொணம் ஒண்ணு இந்தப் பெட்டிக்காகக் காத்திருக்கு.”

எபெலே இறங்கியதும் உஸோமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

“அகுன்னா அக்கா!” என்று சோற்றுத்தட்டோடு கத்தினான் ஒக்வுடிலி. “அளவு பாக்கறீங்களா? அவசரம் என்ன?”

ஒப்பாரிப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “நல்ல பஞ்சு மெத்தையா கேட்டு வாங்கு” என்றாள். உஸோமா படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டிக்குள் எபெலேயின் முகமாவு வாசனை இன்னும் இருந்தது. அன்றைக்கும் இதே வாசனைதான். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

மூச்சு முகத்தில் பட்டது.

“உஸோமா.”

பழைய குரல் இல்லை. வயதாகி நடுங்கிய குரல். ஆனாலும் அந்தப் பெயர் அதே வாயிலிருந்துதான் வந்தது. பெட்டிக்காரன் ஏதோ முணுமுணுக்க, யாரோ அவனை அதட்டினார்கள்.

“உஸோமா.”

இன்னும் ஒருமுறை கூப்பிட்டால் எழவேண்டும். எழுந்தால் அந்த வெயில், அந்த ஒப்பாரிப் பெண்கள், நாளை காலை அகுன்னா என்று கையாட்டப்போகும் வடைக்காரி. குழந்தையாக இருந்தபோது கூப்பிடமாட்டார்களா என்று கிடந்தவளுக்கு, இப்போது அந்த மூன்றாவது அழைப்பு கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்றிருந்தது. இமைகளை இறுக்க மூடிக்கொண்டு அவள் காத்துக் கிடந்தாள்.