சொன்னதை மட்டும் எழுதுகிறவள்

கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போகிறவளுக்குக் கை நன்றாக இருக்கணும், காது நன்றாக இருக்கணும், வாய் மட்டும் இருக்கக் கூடாது. எனக்கு வாய் இருந்தது. அதுதான் வினை. ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் சொல்லப் போவதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்களே பல்லைக் கடிப்பீர்கள்.

பெயிலானதற்கு அத்தாட்சி

கச்சிராயபாளையத்தில் எனக்குத் தையல் வேலை. கள்ளக்குறிச்சி காலேஜ் வாத்தியார் ஒருவரின் வீட்டம்மா என்னிடம்தான் ரவிக்கை தைப்பார். அளவு நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கே, எங்க காலேஜுல ஒரு பையனுக்குப் பரீட்சை எழுதித் தர்றியா?" என்று கேட்டார். அப்படித்தான் வேடியப்பன் எனக்குத் தம்பியானான். வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு. முடித்தால் வாத்தியார் டிரெயினிங்குக்குப் போகலாம். தவறினால் ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டு மலைக்குப் போய், தினைக்காட்டில் கிளி விரட்டத் தகரம் தட்டிக்கினு உட்கார வேண்டியதுதான். அவன் அப்பா அந்தத் தகரத்தை எடுத்து வைத்துவிட்டார் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

எழுதிக் கொடுக்கிறவர் பரீட்சை எழுதுகிறவரைவிடக் கம்மியாகப் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். ஊரே கேலி பண்ணின அந்தப் பெயிலுக்கு முதல் முறையாக ஒரு மரியாதை கிடைத்தது என்று சந்தோஷமாகப் போனேன். சொன்னதைத் தவிர ஒரு எழுத்து சேர்க்க மாட்டேன், ஒரு எழுத்து விட மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டேன். ஆபீஸ் கிளார்க் என் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு அழகாக எழுதுகிறவள் பெயிலாகியிருக்க முடியாதாம். மார்க் ஷீட்டை எடுத்து வா என்று மூன்று முறை ஊருக்கும் டவுனுக்கும் அலைய வைத்தார். எரிச்சலில், "பாஸானவ பெயிலுன்னு பொய் சொல்லுவாளா சார்?" என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பாஸானவங்கள நாங்க நம்புவோம்மா. பெயிலானவங்களுக்குத்தான் அத்தாட்சி வேணும்."

விளையாட்டுச் சாமான் அறை

அவன் சொல்ல நான் எழுதினால் மற்றவர்களுக்குத் தொந்தரவாம். அதனால் எங்களுக்கு ஹாலில் இடமில்லை. வாலிபால் வலையும் காலொடிந்த பெஞ்சுகளும் போட்டு வைக்கிற அறையைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் ஒன்று. அதையும் மறைத்துப் பாய் சுருட்டி அடுக்கியிருந்தது. வெளியே ரோட்டில் இடஒதுக்கீடு கேட்டு ஊர்வலம், மைக் செட், கோஷம். வேடியப்பன் கத்திச் சொல்வான், நான் "இன்னா? இன்னா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன்.

அதுகூடப் பரவாயில்லை. மதியம் மேகம் மூடிக்கொண்டது. விடைத்தாளில் கோடு எது, என் விரல் எது என்று தெரியவில்லை. அறையில் பல்பு இல்லை. கண்காணிப்புக்கு வந்திருந்த வாத்தியாரைக் கூப்பிட்டு, ஒரு பல்பு போடச் சொல்லுங்க சார் என்றேன். படித்த மனுஷன், கண்ணாடி போட்டவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார் பாருங்கள். அடப் பாவி மனுஷா! எழுதுகிறவள் எதிரே உட்கார்ந்திருப்பது அந்தக் கண்ணாடிக்குத் தெரியவே இல்லை.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே, லைட்டு எதுக்கும்மா?"

பானிபட்டுக்கு ஒரு கொக்கி

வரலாற்றில் வரைபடக் கேள்வி ஒன்று வரும். பார்வையில்லாதவர்களுக்கு அதற்குப் பதிலாக வேறு கேள்வி தரவேண்டும். முதல் வருஷம் அது வரவில்லை. கேட்டதற்கு, அடுத்த வருஷம் வரும் என்றார்கள். அடுத்த வருஷம் என்கிற பேச்சை நம்ப முடியுமா? நான் ஒரு பழைய போர்வையில் கெட்டி நூலால் இந்தியாவின் எல்லையைத் தைத்துக் கொடுத்தேன். டெல்லிக்கு ஒரு பித்தான், பானிபட்டுக்கு ஒரு கொக்கி, பிளாசிக்கு ஒரு முடிச்சு. வேடியப்பன் ஹாஸ்டலில் அதைத் தடவித் தடவியே மனப்பாடம் பண்ணினான். ராத்திரி அதையே போர்த்திக்கொண்டும் தூங்கினான்.

இரண்டாம் வருஷமும் மாற்றுக் கேள்வி வரவில்லை. "பரவால்லக்கா, படத்துலயே குறிப்போம். மேல நடுவுல டெல்லி வைங்க, அதுக்கு மேல சுண்டு வெரல் அகலம் வுட்டு பானிபட்டு" என்று ஆரம்பித்தான். பேனாவை வைத்தேனோ இல்லையோ, கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து தாளைப் பிடித்துக்கொண்டார். எழுத மட்டும்தான் எனக்கு அனுமதியாம், புள்ளி வைக்க இல்லையாம். வாய்க்குள் வந்த வார்த்தையை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. வேடியப்பன் முகம் செத்துப் போனது. அந்தப் பேப்பரில் பாஸுக்கு மூன்று மார்க் குறைந்து, அடுத்த முறை மறுபடி எழுதினான். அன்றைக்கு அந்த மனிதர் சமாதானமாகத்தான் பேசினார்.

"பத்து மார்க்குத்தானேம்மா, வுட்டுட்டுப் போக வேண்டியதுதானே!"

புளியமரம்

மூன்றாம் வருஷம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. காலேஜை மூடினார்கள், ஹாஸ்டலைப் பூட்டினார்கள், வேடியப்பன் மலைக்குப் போய்விட்டான். பிறகு திடீரென்று பரீட்சைத் தேதியைச் சொன்னார்கள். மற்ற பேப்பரெல்லாம் ஒருவழியாக முடிந்தது. கடைசிப் பேப்பர் அன்றைக்கு மறுபடி மறியல். அவன் விடியற்காலையில் ஜீப் பிடித்துக் கச்சிராயபாளையம் வந்துவிட்டான். அங்கிருந்து பஸ் இல்லை. பாதி வழி கரும்பு டிராக்டர், மீதி வழி நடை. அவன் கை என் தோளில்.

கள்ளக்குறிச்சிக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. சுற்றிலும் கோடாலியோடு ஆட்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதோடு ஆத்திரமும் வந்தது. ஏற்கெனவே நேரமாகிவிட்டது. "அண்ணே, இவருக்குக் கண்ணு தெரியாது, பரீட்சைக்குப் போறோம்" என்று கத்தினேன். அவர்களில் ஒருவர் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். நாலு பேர் சேர்ந்து வேடியப்பனைத் தூக்கிக் கிளைக்கு மேலே கொண்டு போய் அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். ஒருவர் அவன் சட்டையில் ஒட்டின புளிய இலையைத் தட்டிவிட்டார்.

"எங்க புள்ளைங்க படிக்கணும்னுதான்யா மரத்த சாச்சிக்கினு கெடக்கறோம். படிக்கிறவன நிறுத்துவமா? போ தம்பி, நல்லா எழுது!"

கடைசி மணி

இருபது நிமிஷம் தாமதம். அரைமணிக்குள் வந்தால் உட்காரலாம், உட்கார்ந்தோம். பார்வையில்லாதவர்களுக்கு அரைமணி நேரம் கூடுதலாகத் தரவேண்டும் என்று யுனிவர்சிட்டி உத்தரவு இருக்கிறது. தலைமைக் கண்காணிப்பாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உறுதிமொழிக் கையெழுத்தை நான் அதன் மேல் வைத்துத்தான் போடுகிறேன். ஆனால் மூன்று வருஷத்தில் ஒருநாளும் அந்த அரைமணியைத் தந்ததில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்.

மணி அடித்தபோது கடைசிக் கட்டுரை பாதியில் நின்றது. இருபது மார்க் கட்டுரை. அது இல்லாமல் பாஸ் கிடையாது, எங்கள் இருவருக்கும் தெரியும். தலைமைக் கண்காணிப்பாளர் கையை நீட்டினார். உத்தரவைச் சொன்னேன். "உத்தரவு இருக்கும்மா, எனக்குன்னு தனியா லெட்டர் வரலியே. லேட்டா வந்தது உங்க தப்பு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அழுகையும் வந்தது.

வேடியப்பன் மட்டும் அசையவில்லை. "அக்கா, எழுதுங்க" என்றான். கட்டுரை சொல்கிற அதே குரலில் சொன்னான்: "மணி அடித்துவிட்டது. பார்வையற்றவருக்கு உரிய அரைமணி நேரத்தைக் கேட்டேன். தலைமைக் கண்காணிப்பாளர் தரவில்லை. ஆகையால் இக்கட்டுரை இத்துடன் நிற்கிறது." நான் முத்து முத்தாக எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார், முகம் வெளுத்தது.

"இன்னாம்மா எழுதற நீ? அத்த அடிச்சிடு!"

"அவரு சொன்னாத்தான் சார் அடிப்பேன். ஒரு எழுத்து சேக்க மாட்டேன், ஒரு எழுத்து வுட மாட்டேன்னு உங்ககிட்டதானே கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

மால்பிராக்டிஸ் கேஸ் போடுவேன் என்று குதித்தார். வேடியப்பன் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "போடுங்க சார். இன்னா காரணம்னு அந்த ஃபாரத்துல எழுதணும் இல்ல? இத்தயே எழுதிக்குங்க" என்றான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, "அரைமணி எடுத்துக்க. ஆனா அந்த நாலு வரிய அடிச்சிடணும்" என்றார். அந்த அரைமணியும் நான் நிமிரவே இல்லை. கட்டுரை முடிந்தது. விரல் மரத்துப் போயிருந்தது. அந்த நாலு வரியை என்ன செய்ய என்று கேட்டேன்.

"வாக்குக் குடுத்தாச்சே, அடிச்சிடுங்கக்கா. ஒரே ஒரு கோடு போதும், அடியில இருக்கறது படிக்கிற மாதிரி."

அவன் பாஸாகி வாத்தியார் டிரெயினிங்குக்குப் போனான். அடுத்த வருஷம் களமருதூர்ப் பெண் ஒருத்திக்கு எழுதப் போனபோது அதே உத்தரவு அதே கண்ணாடிக்கு அடியில்தான் கிடந்தது, நானும் அதே அரைமணியை முதலிலிருந்து கேட்டேன், என்ன, இந்தத் தடவை பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.