மொட்டை டயர்

இன்று காலை, ரிமோட் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்டிருந்தார்: "கெட்டித் தரைக்கு எந்த டயர் சார் போடலாம்?" பதில் எனக்குத் தெரியும். ஒரே வரிதான். எழுதப் பிடிக்காமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த மனுஷர் மேல் எனக்கென்ன கோபம்? புது டயரின் ரப்பர் வாசனை நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். பெரம்பலூரில் நானும் லப்பைக்குடிக்காட்டு சாதிக்கும் ‘பக்கி’ என்கிற முழங்கை நீள ரிமோட் கார்களை ஓட்டித் திரிந்த காலத்து வாசனை அது. "பக்கிங்களுக்கு ஏத்த பக்கி வண்டி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். இருபத்து மூணு வயசு எங்களுக்கு. கழுதை வயசு.

என்னுடையது சைனா வண்டி. மேட்டில் ஏறிக் குதித்தால் ஏதாவது ஒடியும். ஆனால் திருச்சியில் மறுநாளே பார்ட்ஸ் கிடைக்கும். சாதிக்குடையது, துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய ஜப்பான் வண்டி. லேசில் ஒடியாது. ஒடிந்தால் மாசக்கணக்கில் மூலையில் கிடக்கும். "இது வூட்டு மாப்ள மாதிரிடா, கோவிச்சுக்கிட்டா அவ்ளோதான்" என்பான். இதைப் பேசிப் பேசியே எத்தனை டீ ஆறிப்போனது!

டயர் பேச்சு வந்தால் சண்டை முற்றிவிடும். எங்கள் ஊர்க் கரிசல் பொலபொலவென்று இருக்கும். முள்ளு டயர்தான் பிடிக்கும். அந்த வருஷம் பந்தயம் வைத்த ஆலத்தியூர்ப் பக்கம் வேறு கதை. சுண்ணாம்புப் புழுதிக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, காய்ந்ததும் தரை தளம் போட்ட மாதிரி இறுகிவிடும். முள்ளு அதில் பதியாமல் வழுக்கும். தேய்ந்துபோன மொட்டை டயர்தான் ஒட்டிக்கொண்டு ஓடும். பந்தயத்துக்கு முதல் நாள் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து நான் கண்டுபிடித்த ரகசியம் இது.

ஜெயிக்கிறவனுக்குத் தன் கடையில் மெக்கானிக் வேலை தருவதாகத் திருச்சியில் பார்ட்ஸ் விற்கிற கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அது ஒரு வேலை. சாதிக்குக்கு அப்படியில்லை. அவன் வாப்பா துபாய்க்கு விசா எடுத்து வைத்திருந்தார். இங்கேயே வேலை கிடைத்தால் போக வேண்டாம் என்று அவனிடம் ஒத்துக்கொண்டும் இருந்தார்.

பந்தயத்தன்று அவன் வண்டியில் மொட்டை டயர்தான் இருந்தது. பையில், அண்ணன் அனுப்பிய புது முள்ளு டயர், உறைகூடப் பிரிக்காமல்.

"எதுடா போடலாம்? நீ சொல்லு."

"துபாய் டயர வச்சுக்கிட்டு எவனாவது மொட்டையில ஓட்டுவானாடா? மானம் போயிடும்" என்றேன். வாயைத் திறந்து சொன்னேன் ஐயா, சிரித்துக்கொண்டே சொன்னேன்!

அவன் மாற்றினான். என் வண்டியின் மொட்டை டயரைப் பார்த்து, எனக்கு வேறு டயர் இல்லை என்று நினைத்துவிட்டான். "ஜெயிச்சா இந்த செட்ட உனக்கே தந்துடறேன்டா" என்றான். முதல் வளைவிலேயே அவன் வண்டி வழுக்கிக் குப்புற விழுந்தது. நான் ஜெயித்தேன். பத்து நாளில் அவன் விமானம் ஏறிவிட்டான்.

அந்தக் கடை இரண்டே வருஷத்தில் மூடியாயிற்று. பந்தயம் ஓடிய தரையைச் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டி எடுத்துவிட்டார்கள்; அங்கே இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிற பள்ளம்தான்.

போன ரம்ஜானுக்கு முந்தின வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. "டேய் சாதிக்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். திரும்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க, நல்லா இருக்கீங்களா? அந்தத் தரைக்கு மொட்டை டயர்தாங்க சரி, இல்லீங்களா?"

குரலில் கோபமே இல்லை. பாவிப்பய, "டா" போட்டு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.