கை வைத்துவிட்டுப் போன சுவர்

பூச்சு வேலை தெரிந்த கொத்தனாருக்குத் திருவண்ணாமலையில் இப்போது மாப்பிள்ளை மரியாதை. கிரிவலப் பாதை நெடுக லாட்ஜும் வீடுமாக எழும்பிக்கொண்டே இருக்கின்றன. செங்கல் கட்ட ஆள் கிடைக்கிறது. சுவரை வழுவழுவென்று பூச ஆள் கம்மி. என் போன் ஓய்வதே இல்லை. அதில் எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை.

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. வருகிற எந்த வேலையையும் விட மனசு வராது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவரை மட்டும் பூசிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவோம். ஒருவர் கை வைத்த வேலையை இன்னொரு கொத்தனார் தொடமாட்டார். வீட்டுக்காரர் நமக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கும் அதையே செய்தேன். பத்து வருஷம் எனக்குச் சித்தாளாகக் கலவை சுமந்தவர். முழங்கால் வலி வந்து வேலையை விட்டிருந்தார். அடி அண்ணாமலையில் இரண்டு அறையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். தலைப்பிரசவத்துக்கு மகள் வருவதற்குள் குடிபோய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு நாள் காலையில் போனேன். செங்கல்லை நனைக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஒரு சுவரைப் பூசினேன். "ரெண்டு நாள்ல வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு லாட்ஜ் வேலைக்குப் பறந்தேன்.

ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. அவர் கூப்பிடும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றேன். பிறகு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தொல்லை விட்டது என்று நினைத்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒருவழியாகப் போய்ப் பார்த்தால், மீதிச் சுவரெல்லாம் பூசி முடிந்திருந்தது.

"எவன் கை வச்சான் இதுல?" என்று கத்தினேன்.

"நான்தான் மேஸ்திரி. பொண்ணு அடுத்த வாரம் வந்துடுவா. பத்து வருஷம் உங்க கையப் பாத்தவதானே, ஏணியப் போட்டு நானே பூசிட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. குறை கண்டுபிடித்தே தீருவதென்று மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. மற்றபடி எங்கே தட்டினாலும் கெட்டியான சத்தம். கடைசியில் என் சுவரையும் தட்டினேன். காலிக் குடம் போல ஒலித்தது. காய்ந்த செங்கல்லில் பூச்சு பிடிக்கவே இல்லை; என்றைக்கு வேண்டுமானாலும் பெயர்ந்து விழும். அந்தச் சுவர் ஓரமாகத்தான் மகளுக்குக் கட்டில் போட்டிருந்தார்.

"கொத்தி எடுத்துட்டு இன்னைக்கே பூசிடறேன்க்கா" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். "வேணாம் மேஸ்திரி. உங்கள நம்பி இன்னும் நாலு வீட்ல காத்துக்கினு இருப்பாங்க. இதையும் நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலை நகர்த்தப் போனார்.

என் வேலையை வேண்டாமென்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பூச்சு நீங்களே பூசுங்கக்கா. கொத்துற வேலையாவது எனக்குக் குடுங்க."