செல்லமுத்துவின் வாய் அச்சு

சாமியாடி குறி சொல்லும்போதுகூடப் பின்வரிசையில் நின்று கடிகாரம் பார்க்கிற ஆள் நான். ராகலையில், நசீர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மாடியில் முப்பது வருடமாகப் பல் கட்டிக் கொடுக்கிறேன். கட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுடைய வாய் அச்சுகள் என் பரணில் குவிந்து கிடக்கின்றன, ஒன்றுகூட ஒரு நாளும் என்னைப் பயமுறுத்தியதில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் படித்து வந்தவன் இல்லை. ஹட்டனில் ஒரு சீனப் பல் வைத்தியரின் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டே பார்த்துப் பழகியது. வேலை இதுதான்: வாயில் பசையை வைத்து அளவெடுக்க வேண்டும், அந்த அளவுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் அந்த ஆளின் பல், ஈறு, அண்ணம் எல்லாம் வெள்ளைக் கல்லாக எழுந்து வந்துவிடும். அந்த அச்சின் மேல்தான் பல் கட்டுவது. ஈரம் போவதற்குள் அதன் அடியில் ஆணியால் பெயரையும் தோட்டப் பிரிவையும் கீறிவைப்பேன். சீனக்காரர் வேலை முடிந்ததும் அச்சை எறிந்துவிடுவார், எனக்கு மனம் வராது. எத்தனை விதமான வாய்கள், எத்தனை விதமான பேச்சு. ஒரு கங்காணி புதுப் பல்லைப் போட்டுக்கொண்டு போய் மறுநாள் திரும்பி வந்து, "மாஸ்டர், இந்தப் பல்லு பொண்டாட்டியோட நல்லாப் பேசுது, என்னோடதான் பேச மாட்டேங்குது" என்றார். இதையெல்லாம் எப்படி எறிவது?

போன வருட மழையில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சரிவு இறங்கியது. மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் துப்புரவு செய்யப் போனவர்கள், பழைய கல்லணைக்கு அடியில் ஒரு மனுஷனின் எலும்புகளைக் கண்டார்கள். உடுப்பு மக்கிப் போயிருந்தது, அடையாள அட்டை இல்லை, மேல்தாடையில் மட்டும் இரண்டு பல் வைத்த ஒரு கட்டுப்பல். பொலிஸ் சார்ஜன்ட் அதைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். தமிழை உடைத்து உடைத்துப் பேசுகிற நல்ல மனுஷர்.

"மாஸ்டர், இது உங்க கையா?"

கம்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நுனியை உள்பக்கம் சுருட்டிவிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் எனக்கு மட்டும்தான். "என் கைதான் சார்" என்றேன். என் வாயை அப்போதே மூடியிருக்க வேண்டும்.

"யாருக்குக் கட்டினது?"

"ஞாபகம் இல்ல சார்."

"புத்தகம்?"

"புத்தகம் கிடையாது சார். பேரெல்லாம் அச்சுல இருக்கு."

"அச்சு எங்க?"

"பரண்ல."

"எது?"

"அதத்தான் சார் தேடணும்."

சார்ஜன்ட் பையைக் கையில் எடுத்தார். கட்டுப்பல்லை என்னிடம் விட்டுப்போக முடியாது, சட்டம். அதனால் அதன் உள்பக்கத்தைப் பசையில் பதித்து, அந்தப் பதிவின் மேல் மெழுகை அழுத்தி அதே வடிவில் ஒரு மெழுகுத் தகடு எடுத்து வைத்துக்கொண்டேன். எந்த அச்சில் அந்த மெழுகு பிசகாமல் உட்காருகிறதோ அவர்தான் ஆள்.

மறுநாள், எலும்பு கிடைத்த செய்தி கேட்டு, முதல் பஸ்ஸில் புஷ்பராணி வந்து இறங்கினாள். கொழுந்து பறிக்கிற பிள்ளை, முப்பது வயதிருக்கும். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா செல்லமுத்து வலப்பனைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவர், திரும்பவில்லை. கொழும்பில் ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று லயத்து வீடுகளில் கதை கட்டினார்கள். அம்மா அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள். இவளுக்கு இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றது, ஓடிப்போனவன் மகள் என்பதால். அப்பா கடைசியாக ராகலையில் பல் கட்டினார் என்பது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

"எலும்போட ஒத்துப் பாக்க எங்கிட்ட ரத்தம் எடுத்தாங்க மாஸ்டர், கொழும்புக்கு அனுப்பியிருக்காங்களாம். எப்ப வரும்னு கேட்டா, வரும்போது வரும்ங்கிறாங்க" என்றாள்.

மூன்று நாள் தேடினேன். பரணில் அறுநூறு அச்சாவது இருக்கும். எங்கள் ஊர் ஈரத்துக்குப் பாதி பூசணம் பிடித்துக் கிடந்தது, பெயர் கீறிய இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தும்மித் தும்மி மார்பு வலித்தது. ஒவ்வொரு நாளும் இந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து ஏணிக்குக் கீழே நின்று, "அது இல்லீங்களா? அந்த மூலையில பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். சார்ஜன்ட் காலையும் மாலையும் போன் போடுவார். தூசி பலகை இடுக்கு வழியாகத் தன் கல்லாவில் கொட்டுகிறது என்று நானா கீழேயிருந்து கத்துவார். யாருக்கோ இரண்டு பல் கட்டிய பாவத்துக்கு எனக்கு இந்தத் தண்டனையா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இறங்கி வந்து, "இல்லம்மா. எல்லாத்தையும் பாத்திட்டேன்" என்று சொன்னேன்.

அவள் பல் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"மண்ணு விழுந்து செத்திருந்தாலும் சரி, யாரும் அடிச்சுப் போட்டிருந்தாலும் சரி மாஸ்டர். எங்கள விட்டுட்டுப் போகல்லன்னு தெரிஞ்சா போதும். அம்மாவுக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள். பிறகு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் மேசையைக் கழுவித் துடைத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை எட்டரை மணி. நானா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார், அவருக்குச் சலாம் சொல்லிவிட்டு மாடியேறிப் பூட்டைத் திறந்தேன்.

நான் துடைத்து வைத்த மேசையில் ஓர் அச்சு இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அது சூடாக இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது தன்னாலே சூடாகும், ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் இளஞ்சூட்டுக்கு வந்து, பிறகு ஆறிவிடும். அதற்கப்புறம் நூறு வருடம் போனாலும் அது வெறும் கல்தான். இது இப்போதுதான் ஊற்றியது போல இருந்தது, ஈரம் கையில் ஒட்டியது. திருப்பினேன். ஆணியால் கீறிய எழுத்து: செல்லமுத்து, மேப்பிரிவு. என் கையெழுத்து.

நானாவைக் கூப்பிட்டேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதே மாஸ்டர். இப்ப ஊத்தினதா?"

"நான் இப்பத்தானே நானா மேல வந்தேன். நீங்கதானே பாத்தீங்க."

"பிளாஸ்டர் ஏது?"

"உங்ககிட்ட வாங்கின பை மழையில கல்லாயிட்டுதுன்னு போன கிழமை உங்களோட சண்டை புடிச்சேனே, மறந்திட்டீங்களா?"

நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் மாடிப்பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. அறுபது வயதுக்காரனை மூன்று நாள் ஏணியில் ஏற்றி இறக்கிவிட்டு, இப்படி மேசையில் வந்து உட்காருவதாக இருந்தால் முதல் நாளே வந்திருக்கலாமே. இதைச் செல்லமுத்துவிடம் வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டே மெழுகை எடுத்து அண்ணத்தில் வைத்தேன். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

சார்ஜன்டிடம் அச்சு கிடைத்துவிட்டது என்றேன், எப்படி என்று சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சட்ட வைத்தியர் அம்மா, கட்டுப்பல்லையும் தாடையையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்து எழுதிக்கொண்டார். சில மாதம் கழித்துக் கொழும்பு அறிக்கையும் அதையே சொன்னது. அந்தக் காலத்து மண்சரிவு ஒன்றில் அகப்பட்டு இறந்தார் செல்லமுத்து, வீட்டுக்கு வருகிற வழியில், லயத்துக்கு அரை மைல் தூரத்தில்.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது. கதை கட்டியவர்கள்தான் பெரிதாக அழுதார்கள். ஒரு பெரியவர் புஷ்பராணியின் தலையைத் தடவி, "நான் அப்பவே சொன்னேனே ஆயி, எங்க செல்லமுத்து அப்பிடிப்பட்ட ஆளில்லன்னு" என்றார்.

"சொன்னீங்க சித்தப்பா. கொழும்புல எந்தத் தெருவுல இருக்காருன்னும் சொன்னீங்க" என்றாள் அவள். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் மூன்று நாள் தும்மியது தகும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் அம்மா, சார்ஜன்ட் வெளியே போனதும் என்னை நிறுத்தி, இந்த அளவை எப்போது எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கட்டுப்பல் கட்டுவதற்கு முன்னால்தான் என்றேன். அவர் தாடையில் இடப்பக்கக் கோரைப்பல்லைக் காட்டினார். பாதி உடைந்திருந்தது. உடைந்த விளிம்பு கொஞ்சமும் தேயவில்லை, இதோடு இவர் ஒரு வாய் சோறுகூடத் தின்றிருக்க மாட்டார், கல் விழுந்தபோது உடைந்தது என்றார். பிறகு அச்சைத் திருப்பி அதே பல்லைக் காட்டினார். அதிலும் அதே உடைவு, அதே சாய்வு.

நான் அண்ணத்தை மட்டும் பார்த்தவன், அதைக் கவனிக்கவே இல்லை. கட்டுப்பல்லின் கம்பி அந்தக் கோரைப்பல்லைத்தான் பிடிக்கிறது. பாதிப் பல்லில் கம்பி நிற்காது, அப்படிப்பட்ட வாய்க்கு நான் அந்த இடத்தில் கம்பி வளைத்திருக்கவே மாட்டேன். அச்சில் ஈறும் அண்ணமும் அப்படியே இருக்கின்றன, எலும்பில் அவை இல்லை. அப்படியென்றால் கல் விழுந்த பிறகு, சதை அழிவதற்குள் எடுத்த அளவு அது, யார் எடுத்தது? கீறியிருப்பது என் கை. டாக்டர் அம்மா அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

குழியை மூடிவிட்டுக் கை கழுவும்போது புஷ்பராணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அளவெடுக்க வந்தப்ப அப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா மாஸ்டர்?"

"இல்லம்மா" என்றேன். "வாயில பசை இருக்கும்போது யாராலயும் பேச முடியாது."