பச்சைக் காரில் எனக்கு இடமில்லாமல் போன வருடம்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழமையே ஒரு பழைய பிரிட்டிஷ் காரை வாங்கி வந்து, பென்டில் ஹில் வீட்டுக் கராஜில் நிறுத்தினார். அறுபதுகளில் செய்த நாலு கதவுக் கார், கரும்பச்சை. அந்தக் கம்பனி அதுவரைக்கும் டொக்டர்மாருக்கும் பாங்க் மனேஜர்மாருக்கும் ஏற்ற கிழட்டுக் கார்களையே செய்துகொண்டிருந்ததாம். இது வந்த பிறகுதான் இளம் ஆட்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லுவார். நானும் புதிதாகக் கேட்பதுபோல நிற்பேன்.

முதல் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஏற்றிப் போனார். வென்ட்வேர்த்வில்லில் தோசை சாப்பிட்டுவிட்டு, பரமட்டா ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோம். ஒருநாள் நான் சேலை உடுத்து வெளியே வர, அவர் கராஜைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"மற்றக் காரில போவம். நீர் இனி இதில ஏற வேண்டாம்."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. இதைத் தனிய ஓடுறதுதான் எனக்குச் சுகம்."

அதன்பிறகு தனியாகத்தான் எடுத்தார், அதுவும் எங்கள் தெருவை இரண்டு சுற்று. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் பக்கத்தில் இருப்பது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. சமைத்து வைத்துவிட்டு என் அறைக்குள் போய்விடுவேன். அப்படியே ஒரு வருடம். மாரடைப்பு வந்து அவர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்த அன்றும் நாங்கள் பேசாமல் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவருடைய இறுதிக் கிரியைகள் முடிந்து சில மாதங்களில் காரை விற்க விளம்பரம் போட்டேன். வந்தவர் இந்த வகைக் கார்களைத் திருத்துகிற வயதான வெள்ளைக்காரர். வெளித்தகடுகள் எல்லாம் போல்ட் பூட்டினவை, கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் வழக்கமாக இருக்கும் முன் இருக்கைப் பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைக் கழற்றி, உள்ளே ஸ்க்ரூட்ரைவரால் மெல்லக் குத்தினார். இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"இந்தப் பக்கம் இடிபட்டால் இருக்கிறவர் தப்பமாட்டார். உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்கிறது, பாருங்கள்" என்றார்.

துருவைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம். பக்கத்தில் என் கணவரின் கையெழுத்தில் தேதி. நான் சேலையோடு நின்ற அதே வாரம்.

கதவுகளையும் எஞ்சினையும் உதிரிப்பாகங்களுக்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொல்ல, ஓம் என்றேன். இரண்டு நாளில் லொறியில் ஏற்றிப் போனார்.

மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களைக் காப்பாற்றத்தானே அம்மா, அப்பா அப்படிச் செய்தவர்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காரை விற்கச் சொல்லுவேன் என்று பயந்திருப்பார். சொல்லியிருப்பேன்தான். என்னை ஏற்றப் பயந்த காரில் தான் மட்டும் ஏறி ஓடினாரே, அதை நினைக்கத்தான் கோபம் வருகிறது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. அடுப்பில் சோறு இருக்கிறது என்று போனை வைத்தேன்.