தரையில் சொட்டாத தண்ணீர்

பிள்ளைகளா, பெரியவள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. காரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதாம், அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லையாம், மெக்கானிக் என்ஜினை இறக்க வேண்டும் என்கிறானாம். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியை அவனிடம் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன் நான் உத்திரமேரூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாசி மாதம், உச்சி வெயில் நேரம். பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்து கூப்பிட்டார். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். அவர் வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டேன். பின்சீட்டில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும், முன்னால் அவர். புறப்பட்டோம்.

மாகறலைத் தாண்டினோம். சூடு காட்டும் முள் மேலே ஏறி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. புளியமர நிழலில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன்.

டிக்கியில் ஒரு டின் தண்ணீர் இருந்தது. அந்த அம்மா இறங்கி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஊத்துப்பா, இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கிற?"

"இப்ப ஊத்தினா என்ஜின் வெடிச்சிப் பூடும்மா. செத்த ஆறட்டும்."

"உள்ள என் பொண்ணு துடிச்சிக்கினு கீறா. உனுக்கு என்ஜின் ஆறணுமா?"

நான் டின்னை வாங்கிக் கீழே வைத்தேன். சுற்றிலும் அறுத்த வயல். கிணறு எதுவும் கண்ணில் படவில்லை. இருப்பது இந்த ஒரு டின்தான். தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் ஊற்றினால் இதுவும் அதே வழியில் போய்விடும்.

படுத்து அடியில் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது. ரப்பர் குழாய்களைத் துணி சுற்றிய கையால் பிடித்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் ஒன்றுதான். என்ஜினுக்குள்ளே தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கிற கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் வெளியே வராது, ஆயிலில் கலந்துவிடும். அப்படியிருந்தால் நாலு கல் தொலைவு போவதற்குள் வண்டி அடியோடு நின்றுவிடும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினேன். ஆயில் கறுப்பாகவே இருந்தது. கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும்.

அப்படியானால் தண்ணீர் எங்கே போனது?

அதற்குள் காலி மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏத்துப்பா இதுல. மாட்டத் தட்டினா பொழுது சாயறதுக்குள்ள காஞ்சீவரம் பூடலாம்."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "அண்ணா, உண்மையச் சொல்லு. உன் காரு போவுமா போவாதா?"

அந்த நேரம் உள்ளே பெண் அலறினாள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அம்மா சொன்னார். பொழுது சாயும் வரை அவள் தாங்க மாட்டாள். காரை நம்பச் சொல்லி அது வழியில் நின்றுவிட்டாலோ, மாட்டுவண்டியும் இருக்காது.

"செத்த இரு தம்பி," என்றேன்.

இதுவரை நான் பார்த்ததெல்லாம் என்ஜின் பக்கம். அந்தப் பக்கம் ரேடியேட்டர் சுத்தமாக இருந்தது. முன்பக்கக் கிரில்லுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். தகடு கையில் படவில்லை. பாய் மாதிரி ஏதோ பட்டது. பிய்த்து இழுத்தேன். கொத்தாகக் கொள்ளுப் பொட்டு வந்தது, காய்ந்த தோலும் தூசும்.

உங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கொள்ளு அறுத்தால் களத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தார் ரோட்டில் செடியோடு பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி, கார் எல்லாம் ஏறி மிதித்துக் கொடுக்கும். அந்த வாரம் முழுக்க நானும் ஊர் ஊராக மிதித்துக் கொடுத்திருக்கிறேன். பறந்த பொட்டெல்லாம் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொண்டது. காற்று உள்ளே போகவில்லை, தண்ணீர் கொதித்துத் தெறித்து, வழிகிற குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகப் போயிருக்கிறது. ஓடுகிற வண்டியில் போனதற்குத் தரையில் எப்படி ஈரம் இருக்கும்?

கணவர் பொட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எங்க கொள்ளும் இதுல கீதுண்ணா. வூட்டாண்ட பரப்பி வெச்சிருந்தேன்."

"மாமியாரூட்டுக்கு ஒரு பிடி குடுக்கல, காருக்கு வாரிக் குடுத்துருக்காரு," என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே கொண்டை ஊசியை உருவி என்னிடம் நீட்டினார். நான் கீற, கணவர் பிய்க்க, வண்டிக்காரர் கிரில் இடுக்கில் வாயை வைத்து ஊதினார்.

ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டு மெல்லத் திருகினேன். மீதி ஆவி போனது. என்ஜினை ஓடவிட்டு டின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். உள்ளே குமிழி கிளம்பவில்லை, அப்படியானால் கேஸ்கட் போகவில்லை.

"போவும் தம்பி, ஏறு."

"எதுக்கும் நான் பின்னாலயே வரேன்," என்று வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார்.

முள்ளைப் பார்ப்பதா ரோட்டைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓட்டினேன். முள் பாதியில் நின்றது. ஐயங்கார்குளத்தில் இறங்கி ஒரு டின் மொண்டு ஊற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை. நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

பெரியவளே, உன் காரில் பொட்டு இருக்காது. கூலண்ட் வேறு, காலம் வேறு. ஆனாலும் என்ஜினை இறக்குவதற்கு முன் ரேடியேட்டரை முன்பக்கமிருந்து பார்க்கச் சொல். ஆயில் வெளுத்திருக்கிறதா என்று நீயே பார்.

அன்று நான் ஊருக்குத் திரும்பவில்லை, வாசலிலேயே நின்றேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அம்மா வெளியே வந்தார்.

"பொண்ணு பொறந்துகீது. தாயும் கண்ணு முழிச்சிட்டா. நீ இன்னும் போவலியா?"

சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். நான் பின்சீட்டைக் கழற்றிக் குழாயடிக்குத் தூக்கிப்போனேன். அங்கே யாரும் இல்லை. ரத்தமும் பனிக்குடத் தண்ணீரும் ஊறியிருந்த இடத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.